சிறுதொழிலும் செயற்கை நுண்ணறிவும்

சேர்வராயன் மலைக்கும் கொல்லி மலைக்கும் கீழே பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி பல்வகைச் சிறுதொழில்களுக்குத் தாயகமாகும். நாமக்கல்லிற் கோழிப்பண்ணைகளும் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், பள்ளிபாளையத்தில் விசைத்தறிகளும், இளம்பிள்ளையிற் சேலை நெசவும், சேலம் நகரைச் சூழ்ந்த ஊர்களில் வெள்ளிக் கொலுசு வேலையும், ஆத்தூர்ப் பக்கத்தே சேகோ ஆலைகளும் பல்லாயிரம் குடும்பங்களைக் காத்து வருகின்றன. இவற்றுட் பெரும்பாலன ஒரு குடும்பத்தார் தம் கைமுதலையும் கடனையும் இட்டு நடத்துவனவே.

இத்தொழிலுடையார் செவியில் அண்மைக்காலமாக ஒரு பெயர் ஓயாது ஒலிக்கின்றது. அதுவே செயற்கை நுண்ணறிவு. இதனைக் கைக்கொள்ளாதார் அழிவர் என்று விற்போர் அச்சுறுத்துகின்றனர். இது வந்தால் நமக்கு வேலையிராது என்று உழைப்போர் அஞ்சுகின்றனர். இவ்விரண்டு கூற்றுக்கும் இடையே நின்று, அஃது யாது, சிறுதொழிலார் அதனை எம்முறையில் மேற்கொள்ளலாம், எவ்விடத்தில் அதற்கு வரம்பிடல் வேண்டும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

பொறியாற் சிந்திக்க இயலுமா என்னும் வினாவை ஆங்கில நாட்டுக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டார்ட்மத் கல்லூரியில் அறிஞர் சிலர் கூடியபொழுது இத்துறைக்கு இப்பெயர் நிலைபெற்றது. பழைய கணக்குப் பொறி நாம் இட்ட விதியை அவ்வாறே செய்யும். வட்டி இவ்வளவு, வரி இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் அதன்படி கூட்டிக் கழிக்கும். புதிய பொறியோ பல்லாயிரம் எடுத்துக்காட்டுக்களைக் கண்டு, அவற்றுள் மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கைப் பற்றிக்கொண்டு, அடுத்து வருவது இன்னதாகலாம் என்று கணிக்கும். முப்பதாண்டு கடையில் அமர்ந்த கணக்கப்பிள்ளை, ஏட்டைப் புரட்டாமலே ஆடி மாதத்திற்கு இத்துணைச் சரக்குப் போதும் என்று கூறுவாரன்றோ? அவர் பட்டறிவாற் பெற்றதை இப்பொறி பதிவுகளாற் பெற முயல்கின்றது.

இதில் இருவகை உண்டு. எண்களையும் படங்களையும் ஆராய்ந்து கணிப்பது ஒருவகை. சொற்களைக் கோத்து விடை எழுதுவது மற்றொரு வகை. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி இரண்டாவது வகையைச் சார்ந்தது. முன்னது பண்ணைக்கும் தறிக்கும், பின்னது கடிதத்திற்கும் கணக்கறைக்கும் ஏற்றன.

முதல்வகையின் பயனைக் கோழிப்பண்ணையை வைத்தே விளக்குவாம். ஒரு பண்ணையில் 20,000 முட்டைக்கோழிகள் உள்ளன என்று கொள்வோம். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் உண்ணுமாயின், பண்ணை முழுதுக்கும் 2,200 கிலோ வேண்டும். கோழி உண்ணுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீர் பருகும். ஆகவே 4,400 லிட்டர் நீர் செலவாகும். வேனிலில் இது மிகும். நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் முட்டையிட்டால் நாளொன்றுக்கு 18,000 முட்டைகள் கிடைக்கும். அவ்வீதம் எண்பத்தைந்தாய்க் குறைந்தால் நாள்தோறும் 1,000 முட்டைகள் இழப்பாகும். பத்து நாளில் 10,000. சிறு பண்ணையாளர்க்கு இது கடன் தவணையையே தடுமாறச் செய்யும் இழப்பு.

கோழி நோயுறுங்கால் முட்டை குறைவதற்கு முன்னரே அது பருகும் நீர் குறைவதுண்டு. கோழியின் வயது, வெயிலின் அளவு, முந்தைய நாட்களின் கணக்கு ஆகியவற்றைக் கற்ற பொறி, இன்று இக்கொட்டகையில் இத்துணை நீர் செலவாதல் வேண்டும் என்று முன்னரே கணித்து வைக்கும். அளவு பெரிதும் குறைந்தால் உடையவர்க்கு அறிவிக்கும். காரணம் நோயாகவும் இருக்கலாம். குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். அதனைச் சென்று காண்பவன் மனிதனே. நோயென்று ஐயுற்றால் தீர்ப்பளிக்க வேண்டியவர் கால்நடை மருத்துவரே. 1985-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருப்பது நம்மவர்க்கு வாய்த்த நற்பேறாகும்.

இவ்வாறே விசைத்தறியில் நெய்து வரும் துணியின்மேல் ஒரு காமிராவைப் பொருத்தி, நல்ல துணியின் படங்களையும் குறையுள்ள துணியின் படங்களையும் பொறிக்குக் காட்டிப் பழக்கினால், இழை அறுந்த இடத்தையும் கறை படிந்த இடத்தையும் அது சுட்டும். லாரி உடையவர் எவ்வூர் சென்ற வண்டி வெறும் வண்டியாய்த் திரும்புகின்றது, எவ்வழியில் டீசல் மிகுதியாய்ச் செலவாகின்றது என்பவற்றைக் கணித்தறியலாம். தமிழிற் பேசினால் எழுத்தாக்கித் தரும் கருவிகளும் இன்று உள. இந்திய மொழிகளுக்கென அரசினர் 2022-ஆம் ஆண்டில் பாஷிணி என்னும் திட்டத்தைத் தொடங்கினர். ஆங்கிலம் அறியாத பட்டறைக்காரர் தம் வாய்மொழியாலேயே கடிதமும் விலைப்பட்டியும் ஆயத்தஞ் செய்ய இத்தகைய கருவிகள் வழிவகுக்கின்றன.

இத்துணைப் பயனும் ஒன்றைச் சார்ந்தே நிற்கின்றது. அஃது உண்மையான பதிவேடு. இதனை யான் கண்கூடாக அறிந்தேன். என் மாமா ஒருவர் சிறு பண்ணையொன்று வைத்துள்ளார். விற்பனையாளர் ஒருவரின் சொல்லை நம்பி, கடன் வாங்கி, இத்தகைய கருவிக்கு ஓராண்டுச் சந்தா செலுத்தினார். ஆனால் நீரளவையும் தீவன அளவையும் நாள்தோறும் குறிப்பாரில்லை. சனிக்கிழமை மாலை ஒருங்கே அமர்ந்து, நினைவுக்கு வந்தவாறு ஆறு நாட்கணக்கையும் எழுதினர்; ஆறு நாளும் ஒரே அளவு. பொறியும் யாதொரு மாறுதலுமில்லை என்றே கண்டது. ஒருநாள் கொட்டகையிற் கோழிகள் நோயுற்றன, பொறி வாளாவிருந்தது. பன்னீராண்டு அங்கே முட்டை பொறுக்கிய அம்மா ஒருவர், விடியற்காலையிற் கோழிகள் எழுப்பும் ஒலி வேறுபட்டது கண்டு மாமாவிடம் ஓடி வந்து உரைத்தார். அவர் செவியே அன்று பண்ணையைக் காத்தது. அடுத்த மாதம் சம்பளச் செலவைக் குறைக்க எண்ணியிருந்த மாமா, அவரை வேலையினின்று நீக்கும் எண்ணத்தை விட்டொழித்தார். நீரளவைக் குறிக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்புவித்தார்.

ஆதலின் இதனை மேற்கொள்ள விழைவோர் கடைப்பிடிக்கத் தக்க முறை ஒன்று உண்டு. முதலாவது, தொழில் முழுவதையும் மாற்ற எண்ணாது, பொருளிழப்பு மிக நேரும் ஒரே ஒரு வினாவைத் தேர்ந்துகொள்க. இரண்டாவது, அவ்வினாவுக்கு வேண்டிய கணக்கை மூன்று திங்களேனும் அன்றன்றே உண்மையாய் எழுதுக. அதனைக் கொண்டு எளிய கூட்டல் கழித்தலே விடை தருமாயின், பொறி வேண்டுவதில்லை. மூன்றாவது, பொறியை வாங்கியபின் சில திங்கள் அதன் சொற்படி நடவாது, அதன் கணிப்பையும் பட்டறிவுடையார் கணிப்பையும் அருகருகே எழுதி, எது மிகுதியும் ஒத்துவருகின்றது என்று ஒப்புநோக்குக. நான்காவது, சந்தா, கருவி, பழக்கும் காலம் ஆகிய எல்லாச் செலவையும் வரும் பயனோடு சீர்தூக்குக. கோபுரம் கட்ட விரும்புவோன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டும் என்று நம் ஆண்டவர் கூறிய உவமை தொழிலார்க்கும் பொருந்துவதேயாம்.

ஒருவர் தனித்து இச்செலவைத் தாங்கல் அரிதெனின், பலர் கூடிச் செய்தல் தகும். இதற்கு இந்நிலத்தின் வரலாறே சான்று. இரண்டாம் உலகப்போரின்பொழுது அயல்நாட்டு ஜவ்வரிசி வரவு தடைப்பட, 1943-ஆம் ஆண்டளவில் சேலத்து மாணிக்கம் செட்டியார், மலேயாவிலே இத்தொழிலை அறிந்து வந்த போபட்லால் ஷாவின் துணைகொண்டு, மரவள்ளிக் கிழங்கினின்று அதனைச் செய்யத் தொடங்கினார் என்பர். முதற்கண் தொட்டில்போற் கட்டிய துணியில் மாவைக் குலுக்கி மணியாக்கினர். பொறி பின்னரே வந்தது. ஆலைகள் பெருகியபின், தனித்தனியே விற்பதால் நேர்ந்த இடர்களை நீக்கச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மறு ஆண்டில், முட்டைக்கு உரிய விலை பெறும் பொருட்டு, பண்ணையாளர் ஒன்றுகூடித் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தனர். விலைக்காக ஒன்றுகூடியவர் அறிவிற்காகவும் ஒன்றுகூடலாகாதோ? ஒரு பண்ணையின் கணக்கு பொறிக்குச் சிறு பாடம். நூறு பண்ணையின் கணக்கு பெரும் பாடம். சங்கத்தின்வழி ஒரு கருவியைப் பெற்றுப் பகிர்ந்தால் செலவும் குறையும். கணக்கும் அயலார் கைப்படாது.

இனி வரம்புகளைக் கூறுவாம். சொற்களைக் கோத்து எழுதும் பொறி, அறியாததையும் அறிந்ததுபோல் நயமாக எழுதிவிடும். வரிவீதம், சட்டம், மருந்தின் அளவு ஆகியவற்றில் அதன் சொல்லை அறிந்தாரிடம் சரிபாராது கொள்வது பெருந்தீங்கு. வாடிக்கையாளர் பெயரையும் தொழிலாளர் குறிப்பையும் எவரிடம் ஒப்புவிக்கின்றோம் என்று ஆராய வேண்டும். தனிமனிதர் தம் எண்மத் தகவல்களைக் காக்க நம் பாராளுமன்றம் 2023-ஆம் ஆண்டில் சட்டமொன்று இயற்றியுள்ளது. யாவற்றினும் மேலாக, மிச்சமாகும் நேரமும் பொருளும் யாரைச் சேரும் என்பதை முன்னரே தீர்மானித்தல் வேண்டும். பெருநகரத்து நிறுவனத்தில் நீக்கப்பட்டோர் வேறிடம் தேடலாம். சிற்றூர்ப் பண்ணையில் நீக்கப்பட்ட அம்மா அடுத்த நாளும் நம் தெருவழியே தண்ணீர்க்குடத்தோடு செல்வார். அவர் முகத்தை நாம் காண வேண்டும்.

நம் கல்லூரியிற் பயின்று ஊர் திரும்பும் மாணவர் பலர் இத்தகைய தொழிற்குடும்பங்களிற் பிறந்தவரே. விடுமுறையில் வீடு செல்வோர், தந்தையார்க்குப் புதுப்பொறி வாங்கித் தர விரைவதற்கு முன், பழைய கணக்கேட்டைத் திறந்து பார்ப்பாராக. அதில் விடுபட்ட பக்கங்கள் எத்தனை, மனத்தால் எழுதிய எண்கள் எத்தனை என்று கண்டு, வேலை செய்வோரிடம் கேட்டுத் திருத்தி எழுதுவாராக. அவ்வேடு உண்மையாயின் பொறி நமக்குத் துணையாகும். அன்றேல், அது நம் பொய்யையே நமக்குத் திருப்பியுரைக்கும்.