பகிர்விப் பற்சக்கரம்

பகிர்விப் பற்சக்கரம் என்பது பெட்ரோல் மகிழுந்துகளில் டிஸ்ட்ரிபியூட்டர் எனப்படும் பகிர்வியைச் சுழற்றும் பற்சக்கரம் ஆகும். உயர் மின்னழுத்தத்தை ஒவ்வொரு உருளையின் தீப்பொறிச் செருகிக்கும் முறைப்படி பங்கிடுவது பகிர்வியின் பணி. பற்சக்கரத்தின் சாய்வான பற்கள் கேம் தண்டிலுள்ள பற்களுடன் உராய்ந்து சுழல்கின்றன. நான்கடிப்பு எந்திரத்தில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றும்போது கேம் தண்டும் பகிர்வியும் ஒருமுறை சுற்றுகின்றன.

முக்கியத்துவம்

பற்கள் தேய்ந்தால் தீப்பொறி எழும் நேரம் பிந்தி, எந்திரத்தின் திறன் குறையும். சில எந்திரங்களில் இதே பற்சக்கரம் எண்ணெய்ப் பம்பையும் இயக்குகிறது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு எரால்டு மகிழுந்தின் 948 சிசி எந்திரம் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய எந்திரத்தில் பற்கள் முறிந்தால் எண்ணெய் அழுத்தம் இழக்கப்பட்டுத் தாங்கிகள் இறுகிவிடும்.

பொருட்கள்

வார்ப்பிரும்பு: தட்டையான அடியுடைய டேப்பட்டுகளுக்கான வார்ப்பிரும்புக் கேம் தண்டுகளுக்கு ஏற்றது. எஃகுக் கேம் தண்டுடன் பயன்படுத்தினால் விரைவில் தேயும்.

கடினமாக்கப்பட்ட எஃகு: உருளி டேப்பட்டுகளுக்கான பல எஃகுக் கேம் தண்டுகளுடன் பயன்படுகிறது. கடினத்தன்மை பொருந்தாவிடில் கேம் தண்டின் பற்களே அரிக்கப்படும்.

வெண்கலம்: எஃகை விட மென்மையானது. தான் தேய்ந்து கேம் தண்டைக் காக்கும். ஆகையால் பந்தய எந்திரங்களில் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை சோதித்து மாற்றப்படுகிறது. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு ஏற்றதன்று.

பலபடிக் கலவை: கரிம இழையால் வலுவூட்டப்படுவது. பலவகைக் கேம் தண்டுகளுக்கும் பொருந்தும், விலை மிகுதி.

தெரிவு செய்தல்

கேம் தண்டு எப்பொருளால் ஆனது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதன் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் பற்சக்கரமே பாதுகாப்பானது. பற்சக்கரத்தை எளிதில் மாற்றலாம். கேம் தண்டை மாற்ற எந்திரத்தையே பிரிக்க நேரிடும். எனவே தேய்மானம் தவிர்க்க இயலாதெனில் அது பற்சக்கரத்தில் நிகழ்வதே நன்று. தேய்ந்த பழைய பற்சக்கரத்தைப் புதிய கேம் தண்டுடன் இணைத்தல் கூடாது. எண்ணெய்ப் பம்பையும் இயக்கும் எந்திரங்களில், மிகத் தடித்த எண்ணெயும் அதிக அழுத்தப் பம்பும் பற்களின் மீதான சுமையைக் கூட்டும்.

இன்றைய நிலை

தற்காலப் பெட்ரோல் மகிழுந்துகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய தீமூட்டுச் சுருள்கள் பகிர்வியின் இடத்தைப் பெற்றுவிட்டன. எனினும் பழைய மகிழுந்துகளைப் பேணுவோருக்கு இத்தெரிவு இன்றும் தேவைப்படுகிறது.