உங்களுக்குத் தெரியுமா? டிரிப் சுவிட்ச் எல்லாவற்றையும் காக்காது!

2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் கரண்ட் போனது, திருகோணமலையும் தப்பவில்லை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் எரிசக்தி அமைச்சர்.

போகும் கரண்டைவிடத் தடுமாறி வரும் கரண்ட்தான் பிரிஜ்ஜுக்குப் பெரும் ஆபத்து. நமது மின்சாரம் 230 வோல்ட். அது வெகுவாக இறங்கினால் கம்பிரசர் சுற்ற முடியாமல் திணறி, மின்னோட்டத்தை அளவுக்கு மீறி இழுத்து, உள்சுருள் கருகிப்போகும். நியூட்ரல் கம்பி அறுந்தாலோ 400 வோல்ட் வரைகூட வீட்டுக்குள் ஏறலாம்! 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச் இரண்டையும் கண்டுகொள்ளாது. மின்கசிவிலிருந்து உயிரைக் காப்பதே அதன் வேலை.

வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் இணைப்பைத் துண்டித்து, சீரானபின் 3 முதல் 5 நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கும் வோல்டேஜ் காப்புக் கருவி வேறு.

உப்புவெளி, நிலாவெளிக்காரர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. எர்த் கம்பியின் பிடியில் பச்சை படர்ந்திருந்தால் அது செப்பு அரிப்பு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையா? அன்றே மாற்றுங்கள்.