அபர்டீன் பஜாரில் தார்ப் பாதை: வீட்டு வாயிலுக்கு ஏற்றதா?

போர்ட் பிளேர் நகரின் நடுவே மணிக்கூண்டைச் சுற்றி அமைந்துள்ள அபர்டீன் பஜார் மேடும் பள்ளமுமான பகுதியாகும். ஆகவே, தெருவிலிருந்து வீட்டு வாயில் வரை வண்டி செல்வதற்கெனப் போடப்படும் சிறு பாதை அங்கே பெரும்பாலும் சரிவாகவே அமைகிறது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற இந்நகரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையின் மழையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் மழை தருவதால், மே முதல் டிசம்பர் வரை நிலம் நன்றாகக் காய்வதற்கு வாய்ப்புக் குறைவு. இத்தகைய இடத்தில் வாயிற்பாதைக்குத் தார் ஏற்றதா, போட்டபின் அதனை எவ்வாறு காப்பது, எப்பொழுது பெயர்த்துப் புதிதாக அமைப்பது என்பவற்றை ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு சிறு கணக்குச் செய்வோம். நீளம் 10 மீட்டர், அகலம் 3 மீட்டர் உள்ள பாதையின் பரப்பு 30 சதுர மீட்டர். அதன்மீது நேராக விழும் மழை மட்டுமே ஆண்டொன்றுக்கு 90,000 லிட்டராகும். கூரையிலிருந்து கொட்டும் நீரும், மேட்டிலிருந்து வழிந்து வரும் நீரும் இதில் சேரவில்லை. வண்டிச் சக்கரங்களால் இப்பாதைக்கு நேரும் கேட்டைவிட இந்நீரால் நேரும் கேடே பெரிது. எனவே எவர் பாதை போட நினைத்தாலும், முதற்செலவை மேட்டுப் பக்கத்து வடிகாலுக்கு ஒதுக்கும்படி கூற வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் எவ்வளவு நேர்த்தியாகத் தார் இட்டாலும் அது இரண்டு மழைக்காலம் தாங்குவது அரிது என்பது எமது கருத்து.

நாம் பேச்சில் ‘தார்’ என்று வழங்குவது பெரும்பாலும் நிலக்கீலேயாகும். பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போது எஞ்சும் கனமான கரும்பொருள் இது. உண்மையான தார் நிலக்கரியிலிருந்து கிடைப்பது. இவ்வேறுபாட்டை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கலாகாது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம், நிலக்கரித் தாரினால் செய்த மேற்பூச்சுகளை 2006-ஆம் ஆண்டு முதல் தடை செய்தது. தேய்ந்து நீரோடு ஓடும் பூச்சு, ஓடைகளில் வாழும் உயிரினங்களுக்கு நஞ்சாவதே காரணம். மழைநீர் நேரே கடலுக்கும் பவளப்பாறைகளுக்கும் செல்லும் தீவுகளில் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

தாருக்கு மாற்று சிமென்டுக் கான்கிரீட்டாகும். கான்கிரீட்டை நீர் எளிதில் கெடுப்பதில்லை. செங்குத்தாக ஏறும் பாதைக்கு, குறுக்கே வரிகள் கீறிய கான்கிரீட்டே சிறந்தது. ஆனால் அதற்கு மணல் மிகுதியாக வேண்டும். அந்தமான் கடற்கரைகளில் மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது. எனவே அங்கு மணலைச் சிக்கனமாகவே கையாள வேண்டியுள்ளது. மற்றொரு புறம், நிலக்கீலோ பெருநிலப்பகுதியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கடந்து வருவது. மிதமான சரிவும் நல்ல வடிகாலும் உள்ள இடத்தில் தாரையும், கடுஞ்சரிவிலும் நீர் தேங்கும் தாழ்விலும் கான்கிரீட்டையும் தெரிந்தெடுத்தல் பொருந்தும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் நகரைச் சுற்றிய நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் போன்ற பள்ளங்களில் கடல்நீர் புகுந்தது. அத்தகைய நிலங்களில் தார்ப் பாதையைப் பற்றி எண்ணவே வேண்டுவதில்லை.

பாதையின் வலிமை அடித்தளத்தில் உள்ளது. களிமண்ணை அகற்றி, சல்லியை 75 மில்லிமீட்டர் கனமுள்ள இரு அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே உருளையால் இறுக்க வேண்டும். அதன்மேல் 20 மில்லிமீட்டர் தார்க் கலவையும், நீர் புகாதபடி மூடும் மெல்லிய பூச்சும் போதும். குறுக்குச் சரிவு நூற்றுக்கு இரண்டரை இருத்தல் வேண்டும். அதாவது 3 மீட்டர் அகலத்தில் ஒரு விளிம்பு மற்றதைவிட ஏழரை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். இவ்வளவுக்கும் செல்லும் நிலக்கீல் ஏறக்குறைய அரைப் பீப்பாயே. ஒரு வீட்டுக்கெனத் தனியே அடுப்பு மூட்டினால் செலவு மிகும். கலவையும் உருட்டுவதற்குள் ஆறிவிடும். அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வது அறிவுடைமை.

கல்லைப் பற்றியும் ஒரு சொல். தெற்கு அந்தமானில் மணற்பாறையும் களிப்பாறையும் மிகுதி. மணற்பாறையிலுள்ள குவார்ட்ஸ், நிலக்கீலைவிட நீரையே விரும்பிப் பற்றுவது. நாட்பட நீர் ஊறினால் கல்லை மூடியிருந்த கரும்படலம் கழன்று, கல் வெளுத்துவிடும். இதனைச் சோதிக்க எளிய முறை உண்டு: தார் பூசிய கற்களை 40 டிகிரி வெப்பமுள்ள நீரில் 24 மணி நேரம் வைத்துப் பார்த்தால், உரிந்த பரப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது. பள்ளியில் மாணவர்க்குக் காட்டத்தக்க சோதனை இது. எனினும் சூடான தாரைப் பூசும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். கலவையில் சிறிது நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்தால் பிடிப்பு மிகும். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், சூடான சல்லியின்மேல் கழிவுப் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசியபின் நிலக்கீலைக் கலக்கும் முறையை உருவாக்கினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் இவர். அவ்வாறு பூசப்பட்ட கல்லை நீர் எளிதில் பற்றுவதில்லை.

வேலைக்கு உகந்த காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பராமரிப்பும் அப்பொழுதே நடைபெற வேண்டும். மழைக்கு முன் பாதையைப் பெருக்கி, கண்ணுக்குத் தெரியும் வெடிப்புகளைத் தூய்மை செய்து, உருகிய நிலக்கீலும் மணலும் இட்டு அடைக்க வேண்டும். மழைக்காலத்தில் குழி விழுந்தால் நிலக்கீல் எமல்ஷன் உதவும். நிலக்கீலை நுண்துளிகளாக நீரில் கலந்த இதனைக் காய்ச்ச வேண்டுவதில்லை. ஈரக் கல்லுடனும் கலக்கலாம். பழுப்பு நிறம் கறுத்தபின்னரே அது பிடித்துக்கொண்டதாகப் பொருள். அதற்குச் சில மணி நேரம் மழையின்றி இருத்தல் வேண்டும். வண்டியிலிருந்து சொட்டும் டீசலும் எண்ணெயும் நிலக்கீலைக் கரைக்கும். மண்ணைத் தூவி உடனே துடைத்துவிட வேண்டும்.

எப்பொழுது பெயர்ப்பது? ஒற்றை வெடிப்புகள் மேற்பரப்பின் குறையைக் காட்டுவன. முதலையின் தோல்போல் சிறுசிறு கட்டங்களாக வெடித்திருந்தால் அடித்தளம் இளகிவிட்டது என்று அறியலாம். ஐயமிருந்தால் ஒரு சதுர அடி அளவுக்கு வெட்டிப் பார்க்க வேண்டும். சல்லியினிடையே சேறு ஏறியிருக்குமாயின் மேலே மற்றொரு படலம் இடுவது பணவிரயம். முழுவதையும் தோண்ட வேண்டும். பழைய தார்க்கட்டிகளை எறியாமல் உடைத்துப் புதிய அடித்தளத்திற் சேர்த்துக்கொள்ளலாம். அடித்தளம் உறுதியாயிருந்தாலும், பழைய படலத்தைச் சுரண்டிய பின்னரே புதியது இடுக. இன்றேல் பாதை உயர்ந்து உயர்ந்து, நீர் வீட்டுக்குள் வரும். தமிழ்நாட்டில் இத்தொல்லை பெருகியதால், சாலைகளைச் சுரண்டியபின்னரே புதுப்பிக்குமாறு தலைமைச் செயலாளர் 2021 மே மாதத்தில் அறிவுறுத்த நேர்ந்தது.

புதிய பாதையில் ஒரு நாள் கழிந்தபின் வண்டியை விடலாம். அதற்கு முன், மேல் விளிம்பிலிருந்து நாலைந்து வாளி நீரை ஊற்றிக் கவனிக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குப் பின்னும் நீர் நிற்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, கூலி தீர்ப்பதற்கு முன்பே அவற்றை நிரவச் சொல்லுதல் வேண்டும்.