ஐந்து நாள் பண்டிகையும் ஒரே வயிறும்

தமிழ்நாட்டில் தீபாவளி என்பது விடியற்காலைப் பண்டிகை. நரக சதுர்த்தசியன்று எண்ணெய் முழுக்கு, புத்தாடை, பட்டாசு, பலகாரம், நண்பகலில் சாப்பாடு என்று பெரும்பாலும் ஒரே நாளில் நிறைவு பெற்றுவிடும். தில்லியில் வாழும் நமக்கோ அவ்வாறன்று. இங்குள்ள மக்கள் திரயோதசியன்று ‘தன்தேரஸ்’ என்று தொடங்கி, மறுநாள் ‘சோட்டீ தீவாளி’, அமாவாசை மாலையில் இலக்குமி பூசை, அதன்பின் கோவர்த்தன பூசை, இறுதியில் ‘பாயீ தூஜ்’ என ஐந்து நாள் கொண்டாடுகின்றனர். நம் வீட்டு முறுக்கும் அதிரசமும் ஒருபுறம் இருக்க, அண்டை வீடுகளிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் மிட்டாய்ப் பெட்டிகள் வந்து குவிகின்றன. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்றனர் நம் முன்னோர். இங்கோ விருந்து ஐந்து நாள். அதன்பின் மருந்து எத்தனை நாள் என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது!

இரண்டு நாட்டு வழக்கங்களையும் சேர்த்துக் கொண்டாடும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை இழக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஊரிலிருந்து பலகாரங்களைக் கொண்டுவந்த நாம், அவற்றை உண்பதற்கு அங்கே இருந்த ஒழுங்கையும் உடன் கொண்டுவந்தோமா என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

வயிறு படும் பாடு

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஒரு வண்டி அடுத்த நிலையத்தை அடைந்த பின்னரே மற்றொரு வண்டிக்கு வழி கொடுப்பர் என்பதை இரயில்வேயில் பணிபுரியும் நம் போன்றோர் நன்கறிவோம். இரைப்பையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சாதாரண உணவு இரைப்பையை விட்டுக் குடலுக்குச் செல்லச் சில மணி நேரம் ஆகும். நெய்யும் எண்ணெயும் மிகுந்த உணவாயின் அது மேலும் தாமதமாகும். முன்னது இறங்குமுன் பின்னதை அனுப்பினால் வயிறு உப்புகிறது. ஏப்பமும் குமட்டலும் தோன்றுகின்றன. கொழுப்பு மிகுந்த உணவு, உணவுக்குழாயின் கீழ்வாயிலைத் தளர்த்தியும் விடுகிறது. அந்நிலையில் உண்டவுடன் படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் உண்டாகிறது.

நமக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு. வடநாட்டு மிட்டாய்களில் பல, பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவினால் ஆனவை. வயது வந்தோர் பலருக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. இக்குறை வடநாட்டாரைவிடத் தென்னாட்டாரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது என்பது மருத்துவ ஆய்வுகளின் முடிவு. பக்கத்து வீட்டார் நான்கு பேடா உண்டும் நலமாக இருக்க, இரண்டு உண்ட நம் வயிறு இரைவதற்கு இது காரணமாகலாம். அவர்கள் பாலில் வளர்ந்தவர்கள். நாம் மோரில் வளர்ந்தவர்கள்.

பண்டிகைக் காலத்தில் சிறப்பு வண்டிகள் ஓடுவதால் இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் அன்பர்கள், வெறும் வயிற்றில் மிட்டாயும் தேநீருமாக நிறுத்திவிட்டு உறங்கச் செல்கின்றனர். இது வயிற்றுக்குச் செய்யும் பெருங்கொடுமை. முதலில் இரண்டு இட்டலியோ சிறிது ரசஞ்சாதமோ உண்டு, பிறகு ஓர் இனிப்பை எடுத்துக்கொள்வதே தக்கது.

லேகியத்தின் பெருமையும் எல்லையும்

எண்ணெய் முழுக்கு முடிந்ததும், பலகாரத் தட்டைத் தொடுமுன் தீபாவளி லேகியம் உண்பது நம் மரபு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், தனியா ஆகியவற்றைப் பொடித்து, வெல்லப்பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறுவது அது. இஞ்சி குமட்டலைத் தணிப்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. இச்சரக்குகளுக்காக ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. பழைய தில்லியின் காரீ பாவ்லீ அங்காடியில் சுக்கை ‘ஸோண்ட்’ என்றும், ஓமத்தை ‘அஜ்வாயன்’ என்றும், திப்பிலியைப் ‘பீப்பல்’ என்றும் கேட்டால் எடுத்துத் தருவர்.

ஆனால் லேகியம் சிறு நெல்லிக்காயளவு உண்ணத்தக்கது. அளவின்றி உண்பதற்கு அது அனுமதிச் சீட்டன்று. அதில் வெல்லமும் நெய்யும் இருப்பதால் நீரிழிவுக்காரர் அதையும் இனிப்பின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

வடநாட்டாரிடமும் இத்தகைய ஒழுங்கு உண்டு. கோவர்த்தன பூசையன்று பல காய்கறிகளை ஒன்றாகச் சமைத்து ‘அன்னகூட்’ படைக்கின்றனர். மோரும் கடலைமாவும் சேர்ந்த ‘கடீ’யும் சோறும் உடன் இருக்கும். கடீ நம் மோர்க்குழம்புக்கு நெருங்கிய உறவு. மிட்டாய் நாட்களுக்குப்பின் நாரும் மோரும் வயிற்றுக்கு இதமே. அன்று நாமும் அதனையே உண்டால் நட்பும் வளரும், உடலும் தேறும்.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை

முறுக்குச் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் கூடாது. அவ்வாறு காய்ச்சுவதால் தீய பொருள்கள் சேர்கின்றன. அவற்றுள் ஒருவகையின் அளவு நூற்றுக்கு 25 பங்கை மிஞ்சிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் அளந்து பார்க்க இயலாது. ஆகவே ஒருமுறை பயன்பட்ட எண்ணெயை வடிகட்டித் தாளிப்பதற்கு விரைவில் செலவிடுவதும், கறுத்து நுரைக்கும் எண்ணெயைக் கழிப்பதும் நலம்.

தட்டில் அடுக்கி விற்கப்படும் இனிப்புகளுக்கு எந்த நாளுக்குள் உண்ணத்தக்கது என்று எழுதி வைக்கவேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டளையிட்டது. அத்தேதியைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டா. கோவாவில் மாவு கலந்திருக்கிறதோ என்னும் ஐயம் எழுந்தால், சிறிதளவு எடுத்து நீரில் கொதிக்கவைத்து ஆறியபின் இரண்டு துளி அயோடின் விடுக. நீலநிறம் தோன்றினால் கலப்படம் உண்டு.

சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியே வைத்தல் தகாது. ஆறிய சோற்றில் வளரும் ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. எஞ்சியதை உடனே குளிர்பெட்டியில் வைக்கவும். தில்லியில் இப்பருவத்தில் குளிர் தொடங்குவதால் தாகம் குறைந்து, நீர் அருந்துவதும் குறைகிறது. மலச்சிக்கலுக்கு இது வழிகோலும். வெந்நீரேனும் அடிக்கடி பருகுதல் வேண்டும். உண்டபின் சிறிது உலாவுவது நல்லது. எனினும் தீபாவளிக்கு மறுநாட் காலையில் புகை மண்டிய தெருவில் நடப்பதைவிட வீட்டுக்குள் நடப்பதே மேல்.

மறுப்பதும் ஒரு மரியாதை

அயலார் அன்புடன் நீட்டும் இனிப்பை மறுப்பது எங்ஙனம் என்பதே பல இல்லங்களில் பெருஞ்சங்கடம். ஒரு துண்டை அவர்கள் எதிரில் உண்டு, மிகுதியை வீட்டாரோடு பகிர்ந்து உண்பதாகச் சொன்னால் எவரும் வருந்தார். அவர்கள் தந்த தட்டில் நம் முறுக்கையோ சீடையையோ வைத்துத் திருப்பித் தருக. வந்த பெட்டிகளை அன்றே திறந்து, துப்புரவுத் தொழிலாளர், காவற்காரர் ஆகியோருக்குப் புதிதாக இருக்கும்போதே பங்கிடுக. கெடும் நிலையில் கொடுப்பது தானமாகாது.

நீரிழிவுள்ள பெரியோரை இத்தருணத்தில் நாம் இருவகையில் வருத்துகிறோம். ‘ஒரு நாள்தானே’ என்று வற்புறுத்துவது ஒன்று. தட்டைக் கண்முன் பறித்து ஒதுக்கி வைப்பது மற்றொன்று. இரண்டும் வேண்டா. சாப்பாட்டின் முடிவில் சிறு துண்டு ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்து உண்ணட்டும். மாத்திரையை விடுவதும், இனிப்பை ஈடுசெய்யத் தாமே மாத்திரையைக் கூட்டுவதும் தீது. சர்க்கரை சேராதது என்று விற்கும் மிட்டாயிலும் கோவாவும் நெய்யும் இருப்பதை மறத்தலாகாது.

துன்பம் வந்தால்

வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால் முதலில் உடலிழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். 1971-இல் வங்காள எல்லையிலிருந்த பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கச் செய்தே எண்ணற்றோர் உயிரைக் காத்தார். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காவிடின் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமனான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ மருத்துவரிடம் விரைக.

இறுதியாக, எல்லாவற்றிலும் முதன்மையான ஒன்று. பண்டிகை நாளில் மார்பில் தோன்றும் வலியை ‘வாயு’ என்று எண்ணி, சோடாவும் பெருங்காயமும் கொடுத்துக் காலத்தைப் போக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மார்பில் அழுத்தம், தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாகலாம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் கடும் வலியின்றி, வெறும் குமட்டலும் சோர்வுமாகவே அது தோன்றுவதும் உண்டு. அப்போது பண்டிகை நாளில் பிறரைத் தொந்தரவு செய்வதா என்று தயங்காது, 112 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி மருத்துவமனைக்குச் செல்க. உறவினர் தொலைவில் இருக்கும் நமக்கு அண்டை வீட்டாரே உற்றார். கதவைத் தட்டினால் வருவர். வெறும் வாயு என்று மருத்துவர் சொல்லிவிட்டால் மகிழ்ந்து திரும்பலாம்.

ஐந்து நாளும் அளவறிந்து உண்டு, அயலாரோடு கலந்து மகிழ்ந்து, ஆறாம் நாள் காலையில் எல்லாரும் நலமாக அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் செல்வோமாக.