நூலகர்களுக்கான தலைமைத்துவ மேம்பாட்டுத் திட்டங்கள்

நூலகர்களுக்கான தலைமைத்துவ மேம்பாட்டுத் திட்டங்கள் என்பவை, நூலக, தகவல் துறையில் பணிபுரிவோர் தம் நிறுவனங்களை வழிநடத்தும் திறனைப் பெறுவதற்காக நடத்தப்படும் பயிற்சிகளாகும். நூலகவியல் பட்டப்படிப்பு பகுப்பாக்கம், பட்டியலாக்கம், நோக்கீட்டுச் சேவை, தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றைக் கற்பிக்கிறது. நூலகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்பவருக்கோ வேறு வேலைகள் காத்திருக்கின்றன. அவர் வரவுசெலவுத் திட்டம் தயாரிக்க வேண்டும். ஊழியர்களிடையே எழும் பிணக்குகளைத் தீர்க்க வேண்டும். நிதி ஒதுக்குவோரிடம் நூலகத்தின் தேவையை எடுத்துரைக்க வேண்டும். படிப்புக்கும் பொறுப்புக்கும் இடையிலான இந்த இடைவெளியை நிரப்புவதே இத்திட்டங்களின் நோக்கம்.

தோற்றமும் பரவலும்

இவ்வகைப் பயிற்சிகள் அமெரிக்காவில் தொடங்கின. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1982இல், பல்கலைக்கழக நூலகங்களின் உயர்பதவிகளில் இருந்தோருக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

1990இல் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் என்னும் மலைவாழிடத்தில் தொடங்கிய பயிற்சி வேறு வழியில் சென்றது. சால்ட் லேக் நகரப் பொது நூலகத்தின் இயக்குநர் டென்னிஸ் டே இதற்கு முன்முயற்சி எடுத்தார். மூத்தோரை விடுத்து, பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன இளம் நூலகர்களை இது தேர்ந்தெடுத்தது. அவர்கள் அனுபவமிக்க நூலகர்களான வழிகாட்டிகளுடன் சில நாள்கள் ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். பதவி வரும்வரை காத்திராமல், தலைமைத்துவத்தைத் தொடக்கத்திலேயே பழக வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும். ஸ்னோபேர்ட் பயிற்சி 1998இல் முடிவுற்றது. எனினும், அதை முன்மாதிரியாகக் கொண்டு கனடாவில் 1994இலும், ஆஸ்திரேலியாவில் அரோரா என்ற பெயரில் 1995இலும் பயிற்சிகள் தோன்றின.

அமெரிக்க நூலகச் சங்கம் 2007இல் 'வளரும் தலைவர்கள்' திட்டத்தைத் தொடங்கியது. இதில் பங்கேற்போர் சிறு குழுக்களாகப் பிரிந்து, சங்கத்துக்குத் தேவையான ஒரு பணியைச் சில மாதங்களில் முடித்து, ஆண்டு மாநாட்டில் காட்சிப்படுத்துவர்.

பயிற்சி முறை: நான்கு சட்டகங்கள்

1999 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்விப் பள்ளி, கல்லூரி மற்றும் ஆய்வு நூலகங்களின் சங்கத்துடன் இணைந்து நடத்திவந்த பயிற்சியில், லீ போல்மன், டெரன்ஸ் டீல் ஆகியோர் உருவாக்கிய 'நான்கு சட்டகங்கள்' என்னும் அணுகுமுறை முக்கிய இடம் பெற்றது. ஒரே சிக்கலை நான்கு கோணங்களில் பார்க்க இது பழக்குகிறது.

எடுத்துக்காட்டாக, நிதிக் குறைவால் ஒரு நூலகத்தின் மாலை நேரச் சேவையை நிறுத்த நேர்கிறது எனக் கொள்வோம்.

• அமைப்புச் சட்டகம்: பணிநேர அட்டவணையை எவ்வாறு மாற்றுவது? யார் எந்தப் பொறுப்பை ஏற்பது?
• மனிதவளச் சட்டகம்: மாலைப் பணியில் இருந்த ஊழியர்களின் நிலை என்ன? அவர்களிடம் முன்கூட்டியே பேசப்பட்டதா?
• அரசியல் சட்டகம்: முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? யார் எதிர்ப்பர், யார் துணைநிற்பர்?
• குறியீட்டுச் சட்டகம்: மாலையில் விளக்கு அணைந்து கிடக்கும் நூலகம் மாணவர்களுக்கு என்ன உணர்த்தும்?

ஒழுங்குமுறைகளில் பழகியவர்கள் பெரும்பாலும் முதல் சட்டகத்தோடு நின்றுவிட வாய்ப்புண்டு. அட்டவணை சரியாக அமைந்தும் திட்டம் தோற்றால், மற்ற மூன்றில் ஏதோ ஒன்று கவனிக்கப்படாமல் போயிருக்கக்கூடும்.

இவை தவிர, தன்மதிப்பீடு, மூத்தோரின் வழிகாட்டல், நிகழ்வாய்வு, சொந்த நூலகத்தில் செய்யும் செயல்திட்டம் ஆகியவையும் இத்தகைய பயிற்சிகளில் இடம்பெறுகின்றன.

இந்தியாவும் தெற்காசியாவும்

பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் உலக நூலகங்கள் திட்டத்தின் ஆதரவில், வளரும் நூலகப் புத்தாக்குநர்களின் பன்னாட்டு வலையமைப்பு உருவானது. 'இனெலி' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இது பொது நூலகர்களை மையமாகக் கொண்டது. இதன் இந்தியப் பிரிவைச் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியது. பின்னர் இது தெற்காசிய நாடுகளுக்கும் விரிந்தது. இணையவழிப் பாடங்களும் நேரடிச் சந்திப்புகளும் கலந்த முறையில் பயிற்சி அமைந்தது. கேட்ஸ் அறக்கட்டளை தன் நூலகத் திட்டத்தை 2018இல் நிறைவு செய்தது.

மதிப்பீடும் வரம்புகளும்

இத்திட்டங்களின் பயனை அளப்பது எளிதன்று. அமெரிக்கத் திட்டங்களை ஆராய்ந்து புளோரன்ஸ் மேசன், லுவெல்லா வெதர்பீ ஆகியோர் 2004இல் வெளியிட்ட கட்டுரை, மதிப்பீடுகள் பெரும்பாலும் பங்கேற்றோரின் சொந்தக் கருத்துகளையே நம்பியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. பயிற்சி பெற்றவர் பின்னாளில் உயர்பதவி அடைந்தாலும், அது பயிற்சியின் விளைவா, திறமையானவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டதன் விளைவா எனப் பிரித்தறிவது கடினம்.

மற்றொரு வரம்பு பயிற்சிக்குப் பின் தெரியவருகிறது. புதிய எண்ணங்களுடன் திரும்பும் இளம் நூலகருக்கு முடிவெடுக்கும் உரிமையோ சிறு நிதியோ இல்லையெனில், கற்றவை சான்றிதழோடு நின்றுவிடும். ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனம், அவர் திரும்பியதும் செய்து பார்க்க ஒரு பொறுப்பையும், அதில் தவறவும் திருத்திக்கொள்ளவும் இடத்தையும் தந்தால் மட்டுமே பயிற்சியின் பயன் வாசகரைச் சென்றடையும்.