ஊசி போட்ட மீனா?

ஜூன், ஜூலை மாதங்களில் மகாராஷ்டிரக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வஞ்சிரமும் வாவலும் கைக்கெட்டாத விலைக்கு ஏறிவிட, மும்பை குர்லா மீன் சந்தையில் ரோகுவும் கட்லாவும் முன்வரிசைக்கு வருகின்றன. பெரும்பாலும் ஆந்திரக் குளங்களில் வளர்ந்து, ஐஸ் பெட்டியில் வந்து இறங்குபவை. கடல்மீன் ருசியில் ஊறிய நம் குடும்பங்களுக்கு இவற்றின் மேல் ஒரு சந்தேகம் உண்டு: "இதெல்லாம் ஹார்மோன் ஊசி போட்ட மீனாமே?" நியாயமான கேள்விதான். முழுப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஊசி உண்டு. ஆனால் அது நாம் வாங்கும் மீனுக்குப் போட்டதல்ல. அதைப் பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் போட்டது.

ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். குளத்தில் விட்டால் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். முட்டை மட்டும் வெளியே வராது, நாளடைவில் உடம்பிலேயே கரைந்துவிடும். அதனால் ஒரு காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் கங்கை போன்ற ஆறுகளில் வலை கட்டித்தான் அள்ளிவர வேண்டும். அள்ளியதில் வேண்டாத மீனும், கூட இருப்பதைத் தின்கிற மீனும் கலந்திருக்கும்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் இந்த நிலை மாறியது. மீன்வள விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும் செத்த மீனின் மூளைக்கு அடியிலிருந்த பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றைச் சினைமீனுக்கு ஊசியாகப் போட்டார்கள். கட்டி வைத்த நீரிலேயே மீன் முட்டையிட்டது. அந்தத் தேதிதான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம்.

வழி கிடைத்தது, பாடு குறையவில்லை. மீன் தலைகளைத் தேடிப் பிடித்து, மண்டையோட்டைத் திறந்து, கடுகளவு சுரப்பியைச் சிதையாமல் எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைக்க வேண்டும். எந்த வயது, எந்தப் பருவத்து மீன் என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். பெண் மீனுக்குச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி வேறு.

செயற்கை ஹார்மோன் இங்கேதான் உள்ளே வந்தது. பிட்யூட்டரியை முடுக்கிவிடும் மூளை ஹார்மோன், பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். அதன் அமைப்பைக் கண்டறிந்த பணிக்காக விஞ்ஞானிகள் கில்லமினும் ஷாலியும் 1977இல் நோபல் பரிசு பெற்றார்கள். பின்னர் சால்மன் மீனில் உள்ள வடிவம் கிடைத்தது. அதில் இரண்டு இடங்களை மட்டும் மாற்றிச் செய்தால், உடம்பிலுள்ள நொதிகளால் அதைச் சட்டென்று வெட்ட முடிவதில்லை. வீரியம் நின்று வேலை செய்கிறது. கெண்டை இனத்தில் இன்னொரு முட்டுக்கட்டை டோபமைன். அது பிட்யூட்டரியை அடக்கி வைக்கும். அதை விலக்க டோம்பெரிடோன் சேர்க்கிறார்கள். நாம் வாந்திக்குப் போடும் அதே மருந்துதான். இப்படி இரண்டும் கலந்த கனடா மருந்து 'ஓவாப்ரிம்' 1 மில்லியில் 20 மைக்ரோகிராம் ஹார்மோனும் 10 மில்லிகிராம் டோம்பெரிடோனும் இருக்கின்றன. நம் நாட்டு மருந்துகளாக வந்த 'ஓவாடைட்', 'வோவா-எஃப்எச்' இரண்டுமே மும்பைக் கம்பெனிகளின் தயாரிப்பு: முதலாவது ஹெம்மோ, அடுத்தது வொக்ஹார்ட். இப்போது ஒரே ஊசி போதும். மாலையில் போட்டால் விடிவதற்குள் முட்டை.

கிலோவுக்கு அரை மில்லி என்று வைத்தால் மூன்று கிலோ தாய்மீனுக்குப் போவது 30 மைக்ரோகிராம் ஹார்மோன். தன் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை இடும் அந்த மீனின் குஞ்சுகள், குளத்தில் மாதக்கணக்கில் தீனி தின்று வளர்ந்துதான் சந்தைக்கு வருகின்றன. அந்த ஊசி அவற்றின் உடம்பில் ஏறியதே இல்லை. தயங்காமல் குழம்பு வைக்கலாம். ஊசி போட்ட தாய்மீன் விஷயம் வேறு. ஓவாப்ரிம் போட்ட மீனை உணவுக்கு விடக்கூடாது என்பது அமெரிக்காவில் விதி. நம் பண்ணைகளில் கழிக்கப்படும் தாய்மீன்கள் எங்கே போகின்றன என்பதை இங்கும் கண்காணிக்க வேண்டும்.

இதே ஊசி வண்ணமீன்களையும் காப்பாற்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டுமே வாழும் 'மிஸ் கேரளா' மீன், கண்ணாடித் தொட்டி வியாபாரத்துக்காக அள்ளி அள்ளி அருகிப்போனது. கொச்சி பனங்காட்டு மீன்வளக் கல்லூரியில் ஹார்மோன் ஊசியால் அதை இனப்பெருக்கம் செய்தார்கள். குர்லாவின் வண்ணமீன் கடைகளில் இதை வாங்க நினைப்பவர்கள் ஓடையில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேட்டே வாங்க வேண்டும்.

மீண்டும் ரோகு, கட்லாவுக்கு வந்தால், என் பெரிய கவலை மருந்தைப் பற்றியது அல்ல, பெற்றோர் மீன்களைப் பற்றியது. ஊசி போட்டால் எல்லா மீனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முட்டையிடும். முட்டையிட விடும் ஒரே வட்டத்தொட்டியில் ரோகுவையும் கட்லாவையும் சேர்த்து விட்டால் இரண்டும் கலந்து கலப்பினம் பிறக்கும். சில ஜோடிகளையே வருடா வருடம் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் உறவுக்குள்ளேயே இனம் பெருகி, குஞ்சுகள் வளராமல் நோஞ்சானாகும். தாய்மீனைத் தேர்ந்தெடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 'ஜெயந்தி ரோகு' சான்று. புவனேஸ்வரத்தின் நன்னீர் மீன் வளர்ப்பு ஆய்வு நிறுவனம் நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து, பல ஆறுகளின் ரோகுவைத் திரட்டி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி உருவாக்கியது. ஒவ்வொரு தலைமுறையிலும் வளர்ச்சி சுமார் 17 சதவீதம் கூடியது. குஞ்சு அடைத்து விற்கும் ஒவ்வொரு பையிலும் எந்தப் பொரிப்பகம், எந்தத் தாய்மீன் வழி என்று எழுதியிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிக் குளத்தில் விடும் விவசாயிக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.