வான்வழியும் தலைமன்னார்க் கடலும்

தூரத்தை அளவுகோல் கொண்டு அறிந்துவிடலாம் என்பது பள்ளிப் பருவத்திலிருந்தே நம்முடன் வளர்ந்த நம்பிக்கை. மன்னார்த் தீவை எண்ணும்போது அந்த நம்பிக்கை எனக்குத் தளர்ந்துவிடுகிறது.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 185. முன்னதற்கு ஒன்றேகால் மணி அளவில் ஆகும்; பின்னதற்கோ ஏறக்குறைய ஒரு மணி. தூரம் பாதியாகியும் நேரம் பாதியாகவில்லை. ஓடுபாதையில் ஊரவும், மேலெழவும், தாழ்ந்து இறங்கவும் வேண்டிய பொழுது நெடுவழிக்கும் குறுவழிக்கும் பெரும்பாலும் ஒன்றே அன்றோ?

இவ்வழி புதியதன்று. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. பல பத்தாண்டுகள் அறுந்திருந்த தொடர்பு 2019 நவம்பரில் மீண்டது. பெருந்தொற்றினால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது. திருச்சிராப்பள்ளிச் சேவை 2025 மார்ச்சில் வந்தது. இவை மகிழத்தக்க செய்திகளே.

ஆயினும், தலைமன்னாரில் வாழ்பவருக்கு இவற்றால் விளைந்த பயன் யாது? அவர் கரைக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மணிக்கு 500 கிலோமீற்றர் செல்லும் விமானத்துக்கு அது நான்கு நிமிடம்கூட இல்லாத வழி. ஆனால் அவர் இராமேசுவரம் செல்ல வேண்டுமாயின், நூறு கிலோமீற்றருக்கு மேல் வடக்கே பலாலிக்குப் போய், திருச்சிராப்பள்ளிக்குப் பறந்து, அங்கிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே வர வேண்டும். முப்பதைக் கடக்க ஏறத்தாழ ஐந்நூறு!

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் 'போட் மெயில்' ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, இரண்டு மணி அளவில் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புப் புகையிரதத்தைப் பிடித்தனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பல், இனப்போர் மூண்ட வேளையில், 1984இல் நின்றது. 1964 அக்டோபர் ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் பலர், தாம் பிறந்த மண்ணை இறுதியாகக் கண்டது இத்துறையிலேதான். கப்பல் நின்றபின்னும் கடல் வெறுமையாகவில்லை. போருக்கு அஞ்சியோர் இரவில் படகேறினர். கரை காணாது மாண்டோரும் உண்டு.

2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை புகையிரதம் மீண்டும் வந்தது. அதில் வந்தவரை ஏற்றிச் செல்லக் கப்பல்தான் வரவில்லை. விமானம் கப்பலுக்கு ஈடாகாது. மூட்டை முடிச்சுடன் உறவினரைக் காணச் செல்லும் எளியவர்க்குக் கப்பலே ஏற்ற ஊர்தி.

நிலப்படத்தில் இவ்விரு கரைகளையும் அளந்து, இடைவெளி முப்பது கிலோமீற்றர் என்று ஒரு மாணவன் எழுதினால், ஆசிரியர் அதற்கு முழுமதிப்பெண் அளிப்பார். அவ்விடையை நடைமுறையிலும் சரியாக்கும் பொறுப்பு இரு நாட்டு அரசுகளுடையது.